ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு வீட்டிலேயே ஆங்கிலம் வாசிக்க, எழுதப் பழக்குவது எப்படி?

கேள்வி கேட்டவர் ஒரு தாய். மகள் தமிழ் வழியில் ஏழாம் வகுப்பு. பரீட்சையில் ஆங்கிலத்துக்கு ஓரளவு மதிப்பெண் வந்துவிடுகிறது. ஆனால் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்தால் வாசிக்க வரவில்லை, சொந்தமாக நாலு வரி எழுதவும் வரவில்லை. "எனக்கும் ஆங்கிலம் தெரியாது, நான் என்ன செய்ய முடியும்? ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

நான் திருமங்கலம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள்தான் என் வகுப்பில் பாதிப் பேர். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மதிப்பெண் வருவதையும் வாசிப்பு வராததையும் சேர்த்துப் பார்த்தால் நடந்தது என்னவென்று புரியும். அவள் கேள்வி பதிலை மனப்பாடம் செய்து எழுதுகிறாள். ஒவ்வொரு சொல்லையும் எழுத்துக் கூட்டி உருப்போட்டு, வரிசை மாறாமல் தாளில் இறக்கிவைக்கிறாள். ஒரு பாடத்தின் முதல் வரியிலிருந்து வாசிக்கச் சொன்னால் கடகடவென்று வாசிப்பாள். நடுவில் ஒரு வரியைக் காட்டி வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், நின்றுவிடுவாள். இவ்வளவையும் மனதில் நிறுத்துகிற பிள்ளைக்கு அறிவிலோ உழைப்பிலோ ஒரு குறையும் இல்லை. அந்த உழைப்பு வேறு பக்கம் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வேலை, ஏழாம் வகுப்புப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடிவைப்பது. நான்காம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தை எடுங்கள். அதுவும் கஷ்டமாக இருந்தால் மூன்றாம் வகுப்பு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தெருவில் சின்னப் பிள்ளை யாராவது படித்து முடித்த பழைய புத்தகம் இருந்தால் இன்னும் நல்லது, கையில் பிடித்து வாசிக்கலாம். எந்தப் புத்தகம் சரி என்று பார்க்க எளிய வழி உண்டு. ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லித் தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். ஒன்றிரண்டு விரல் மடங்கினால் அதுதான் அவளுக்கான புத்தகம்.

இதில் பெரிய தடை பிள்ளையின் மனசுதான். "நாலாப்புப் புத்தகமா?" என்று கூச்சப்படுவாள், தம்பி கேலி செய்வான். அந்தக் கேலியை வீட்டில் அனுமதிக்காதீர்கள். அழுத்தமாகச் சொல்கிறேன், நான் பார்த்த வரையில் ஆங்கிலம் வராமல் போன பிள்ளைகளில் பலர் தப்பாக வாசித்தபோது யாரோ சிரித்ததால் வாயை மூடிக்கொண்டவர்கள்.

இனி தினமும் செய்ய வேண்டியது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும், ஆனால் வாய்விட்டு வாசிக்க வேண்டும். விரலை வரியின் கீழே ஓட்டிக்கொண்டே வாசிக்கட்டும். ஒரே பக்கத்தை மூன்று முறை. முதல் முறை தடுக்கும், இரண்டாம் முறை தடுக்கல் குறையும், மூன்றாம் முறை பேசுகிற மாதிரி வரும். அந்த மூன்றாவது முறையில் அவள் முகத்தைப் பாருங்கள். தனக்கும் வருகிறது என்று அவளுக்கே தெரிகிற இடம் அது.

நீங்கள் செய்ய வேண்டியது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது. ஆங்கிலம் தெரியாத தாய் கேட்டு என்ன பயன் என்று நினைக்காதீர்கள். பூக் கட்டிக்கொண்டோ, காய் நறுக்கிக்கொண்டோ கேட்கலாம். வாசித்து முடித்ததும், "இதுல என்ன சொல்லியிருக்கு? எனக்குத் தமிழ்ல சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். அவள் கதையாகச் சொன்னால் புரிந்து வாசித்திருக்கிறாள். முழித்தால் வெறும் சத்தம்தான் வந்திருக்கிறது. அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். இதற்கு உங்களுக்கு ஆங்கிலம் தேவையே இல்லை. பொருளைத் தமிழில் சொல்லிப் பார்த்தால் ஆங்கிலம் கெட்டுப்போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள சம்பந்தத்தில்தான் நம் பிள்ளைகள் நிறையத் தடுமாறுகிறார்கள். தமிழில் 247 எழுத்துகளைக் கற்றுவிட்டால், பொருள் தெரியாத சொல்லையும் வாசித்துவிடலாம். ஆங்கிலத்தில் எழுத்துகள் 26தான், ஆனால் ஒலிகள் நாற்பதுக்கு மேல். எழுத்தின் பெயர் வேறு, அது தருகிற ஒலி வேறு. 'எச்' என்று பெயர் உள்ள எழுத்து 'ஹ' என்று ஒலிக்கும். பெயரை மட்டும் தெரிந்த பிள்ளையால் புதுச் சொல்லை வாசிக்க முடியாது. அதனால் ஒலியைப் பழக்க வேண்டும். 'கிட்' என்ற சொல்லின் கடைசியில் 'ஈ' எழுத்தைச் சேர்த்தால் 'கைட்' ஆகும், 'பின்' அதே போல் 'பைன்' ஆகும். அந்த 'ஈ' வாய் திறக்காது, முன்னால் உள்ள உயிரெழுத்தின் ஒலியை மட்டும் மாற்றிவிடும். இந்த மாதிரி ஒழுங்குகளை வாரத்துக்கு ஒன்று என்று காட்டினால் போதும், பிள்ளைகள் புதிர் மாதிரி பிடித்துக்கொள்வார்கள்.

ஒழுங்குக்குள் வராத சொற்களும் உண்டு. வாஸ், தே, சம், கம், வாட் போன்றவை. இவற்றைக் கண்ணால் பார்த்ததும் அடையாளம் தெரிகிற அளவுக்குப் பழக வேண்டும். எட்வர்ட் டோல்ச் என்ற அமெரிக்கப் பேராசிரியர், பிள்ளைகளின் வாசிப்பில் அடிக்கடி வருகிற இப்படிப்பட்ட 220 சொற்களை, பெயர்ச்சொற்களைத் தவிர்த்து, 1936-ல் பட்டியலாக வெளியிட்டார். டோல்ச் பட்டியல் என்று தேடினால் கிடைக்கும். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் சொல்லுக்கு ஒரு துண்டாக எழுதிவையுங்கள். நாளுக்கு ஐந்து சொல் போதும்.

நான்காம் வகுப்புப் புத்தகம் தீர்ந்ததும் கதைகளுக்குப் போகலாம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் நான்கு நிலைகளாகப் பிரித்து இலவசமாக இருக்கின்றன. பல கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால், முதலில் தமிழில் வாசித்துவிட்டு அதே கதையை ஆங்கிலத்தில் வாசிக்கலாம். கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் பயம் பாதி போய்விடும். மதுரைக்கு வர முடிந்தால் நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு ஞாயிறு கூட்டிவாருங்கள். குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. எந்தப் புத்தகம் வேண்டும் என்று அவளே தேர்ந்தெடுக்கட்டும். சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தை எடுத்தாலும் தடுக்க வேண்டாம்.

எழுத்துக்கு வருகிறேன். ஒரு தனி நோட்டு, தினமும் மூன்று வரி. பசு, என் பள்ளி, நேரு மாமா என்ற கட்டுரைத் தலைப்புகள் எதுவும் வேண்டாம், அவை எல்லாம் மனப்பாடத்துக்கே இழுத்துக்கொண்டு போகும். அன்றைக்கு அவள் வீட்டில், தெருவில் நடந்ததை எழுதட்டும். என் வகுப்பில் ஒரு மாணவி, வீட்டில் மல்லிகைத் தோட்டம், இப்படி எழுதினாள்: "மை மதர் கோ டு ஃபீல்ட் அட் ஃபோர் ஓ கிளாக். ஷி பிளக் மல்லி. ஐ ஆம் ஸ்லீப்." இலக்கணம் பார்த்தால் மூன்று வரியிலும் தப்பு. ஆனால் விடியும் முன்னே மொட்டாகப் பறித்தால்தான் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விலை போகும் என்று தெரிந்த பிள்ளை, அம்மா எழுந்து போவதையும் தான் தூங்குவதையும் தன் வார்த்தையில் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். எந்த நோட்ஸிலும் இல்லாத மூன்று வரி. எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். ஃபீல்டுக்கு முன்னால் ஒரு 'தி' வர வேண்டும் என்றெல்லாம் அவளிடம் சொல்லவே இல்லை.

இலக்கணத்தை அந்த நோட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எல்லாத் தப்பையும் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தால் பிள்ளை அடுத்த நாள் மூன்று வரியை ஒரு வரியாகக் குறைத்துவிடும். ஒரு சமயத்தில் ஒரு தப்பு மட்டும். அந்த மாணவிக்கு முதலில் எடுத்தது, ஒருவரைப் பற்றி வழக்கமாக நடப்பதைச் சொல்லும்போது வினைச்சொல்லோடு சேர்கிற 'எஸ்' ஒலி. மை மதர் கோஸ், ஷி பிளக்ஸ். ரெண்டு வாரம் அது மட்டும்தான். அது பழகியதும் 'ஐ ஆம் ஸ்லீப்' பக்கம் போனோம்.

இந்த 'ஆம்' விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் இங்கே விழுகிறார்கள். தமிழில் "நான் பள்ளிக்குப் போகிறேன்" என்பதைத் தினமும் போவதற்கும் சொல்கிறோம், இப்போது வழியில் இருப்பதற்கும் சொல்கிறோம். ஆங்கிலம் இரண்டையும் பிரிக்கிறது. தினமும் என்றால் 'ஐ கோ', இப்போது என்றால் 'ஐ ஆம் கோயிங்'. இதைச் சொல்லாமல் காலங்களின் அட்டவணையை மட்டும் கொடுத்தால் பிள்ளை இரண்டையும் கலந்து 'ஐ ஆம் கோ' என்று எழுதுகிறது. "தினமுமா, இப்பவா?" என்று கேட்டுப் பழக்குங்கள். இந்தக் கேள்வியை நீங்கள்கூட வீட்டில் கேட்கலாம்.

அடுத்தது சொல் வரிசை. "நாய் பூனையைத் துரத்தியது" என்றாலும் "பூனையை நாய் துரத்தியது" என்றாலும் நமக்கு ஒன்றுதான். 'ஐ' உருபு யார் யாரைத் துரத்தினார்கள் என்பதைக் காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் உருபு இல்லாததால் சொல் நிற்கிற இடம்தான் பொருளைத் தருகிறது. இரண்டையும் மாற்றிவைத்தால் பூனை நாயைத் துரத்திவிடும். செய்தவர், செயல், பிறகு மற்றதெல்லாம் என்ற வரிசையைக் கைக்குப் பழக்க, ஒரு வாக்கியத்தைச் சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துவிட்டு அடுக்கச் சொல்லலாம். சின்னதுகளும் சேர்ந்துகொள்ளும்.

மதுரையில், மேசையில், பேருந்து நிலையத்தில் என்று நாம் 'இல்' ஒன்றை வைத்தே சமாளிக்கிற இடத்தில் ஆங்கிலம் இன், ஆன், அட் என்று மூன்றாகப் பிரிக்கும். இதற்கு விதி சொல்லிக் களைப்பதைவிட, வாசிக்கும்போது வருகிற சொற்றொடர்களை அப்படியே நோட்டில் எழுதிவைப்பது நல்லது. பெயருக்கு முன்னால் வருகிற ஏ, அன், தி பற்றி இப்போது கவலையே வேண்டாம். தமிழில் அப்படி ஒன்று இல்லை, நிறைய வாசித்தால்தான் மெல்லப் படியும்.

அப்புறம் டிக்டேஷன். சனிக்கிழமை அன்று, அந்த வாரம் வாசித்த பக்கத்திலிருந்து மூன்று வாக்கியத்தை அண்ணனோ பக்கத்து வீட்டு அக்காவோ சொல்ல, அவள் எழுதிப் புத்தகத்தோடு தானே ஒத்துப் பார்க்கட்டும். மூன்று வரி நோட்டை வாரம் ஒரு முறை பள்ளி ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். தானாகப் பிள்ளை எழுதியது என்று தெரிந்தால் பெரும்பாலான ஆசிரியர்கள் நேரம் ஒதுக்குவார்கள். செல்போனை உச்சரிப்பு கேட்க மட்டும் பயன்படுத்தலாம். தமிழில் சொல்லி ஆங்கிலத்தில் மாற்றி எடுத்து எழுதுவதை விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். தமிழிலும் வாசிப்பு தடுமாறுகிறது, எழுத்துகள் இடம் மாறி விழுகின்றன, பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதவும் முடியவில்லை என்றால் முதலில் கண் பரிசோதனை செய்யுங்கள். கண்ணில் குறை இல்லையென்றால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், தலைமை ஆசிரியர் மூலம் கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட பிள்ளையைத் திட்டியோ அடித்தோ வாசிக்க வைக்க முடியாது.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு இப்போது வேண்டாம் என்பேன். வாசிக்க வராத பிள்ளைக்கு அங்கேயும் தயார் வாக்கியங்களை மனப்பாடம் செய்யத்தான் வேண்டியிருக்கும். வாசிப்பு ஓடத் தொடங்கி, மூன்று வரி ஏழெட்டு வரியாக வளர்ந்த பிறகு, எட்டாம் வகுப்பு விடுமுறையில் சேர்க்கலாம். அதுவரை அந்தக் கட்டணத்தில் மாதம் ஒரு கதைப் புத்தகம் வாங்கிக்கொடுங்கள். மதுரை தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது விலை குறைந்த சிறுவர் புத்தகங்கள் நிறையக் கிடைக்கும், அவளையே பையை நிரப்பிக்கொள்ளச் சொல்லுங்கள்.