11 நாள் கப்பல், ஐந்து பேர் துணி: யார் துவைப்பது?

கேள்வி: அக்கா, வருகிற பிப்ரவரியில் டர்பனிலிருந்து ரீயூனியன், மொரீஷியஸ் போய்த் திரும்பும் 11 இரவுக் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டோம். நான், கணவர், 9 வயது மகன், 6 வயது மகள், 74 வயது மாமியார் என ஐந்து பேர், இரண்டு கேபின். எல்லோருக்கும் கப்பல் பற்றிய கனவு, எனக்கு மட்டும் துணியைப் பற்றிய கவலை. மாமியார் தினமும் குளித்து, துவைத்த சேலை கட்டித்தான் விளக்கேற்றுவார். தன் துணியைப் பிறர் துணியோடு சேர்க்க விடமாட்டார். "கப்பல்லயும் நானே துவைச்சுக்குவேன், பால்கனியில காயப் போட்டுக்கலாம்" என்கிறார். கணவரோ, "ஆளுக்கு ஒரு பெட்டி போதும், மீதியை நீ அங்கேயே அலசிப் போட்டுக்கலாம்" என்கிறார். சின்னதாக ஓர் இஸ்திரிப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். விடுமுறை முழுக்க பாத்ரூமிலேயே நிற்கப் போகிறேனோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
- சாட்ஸ்வொர்த் வாசகி

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி உங்கள் கணவர் சொன்னதுதான். "மீதியை நீ அலசிப் போட்டுக்கலாம்." ஐந்து பேர் துணி, ஒருத்தி கை. அதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால், பெட்டி கட்டுவதற்குள் உங்களுக்குத் தெரிய வேண்டியவை சில இருக்கின்றன.

அந்த இஸ்திரிப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கப்பலில் கேபினுக்குள் இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதி இல்லை, நீராவியில் சுருக்கம் எடுக்கும் கருவிக்கும் இல்லை. டர்பன் துறைமுகத்தில் கப்பல் ஏறும் நெல்சன் மண்டேலா முனையத்தில் பெட்டிகளை ஸ்கேன் செய்யும்போதே பிடித்துவிடுவார்கள். எடுத்து வைத்துக்கொண்டு, பயணம் முடிந்து இறங்கும்போதுதான் தருவார்கள். கடுமையாகத் தோன்றலாம், ஆனால் நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓடிப் போக இடமில்லை. இதே காரணத்தால் மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, கற்பூரம், எண்ணெய் விளக்கு எதற்கும் இடமில்லை. மாமியாரிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள். முனையத்தில் வரிசையில் நிற்கும்போது தெரிந்தால் அவர் மனம் நொந்துபோகும். பேட்டரியில் எரியும் சின்ன விளக்கு ஒன்று வாங்கி, வீட்டுச் சாமி முன்னால் ஒரு வாரம் வைத்துப் பழக்கிக் கொடுங்கள். பழகிய விளக்கு என்றால் கப்பலில் அந்நியமாகத் தெரியாது.

அடுத்து பால்கனி. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பயணத்தில், என் அம்மா விட்டுப்போன சுங்குடிச் சேலையை இரவில் அலசி, பால்கனிக் கம்பியில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். விடிந்து பார்த்தால் கம்பி மட்டும் இருந்தது. இன்றும் அந்தச் சேலையை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. கப்பல் நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பதால் வெளியே எப்போதும் காற்றுதான். பறக்கும் துணி கீழ்த்தளத்துப் பால்கனியிலோ கடலிலோ போய் விழும். அதனால்தான் பால்கனியில் துணி போடக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். பறக்காமல் இருந்தாலும் பயனில்லை. கடல் காற்றில் இருக்கும் உப்பு துணியில் படியும், உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். காலையில் தொட்டால் பிசுபிசுப்பாகத்தான் இருக்கும்.

சரி, அப்படியானால் எங்கே காயப் போடுவது? கேபினுக்குள்தான். அங்கே நல்ல வசதி இருக்கிறது. ஏசி காற்றில் ஈரம் குறைவு, மெல்லிய துணி ஒரே இரவில் காய்ந்துவிடும். குளிக்கும் இடத்தில் சுவரிலிருந்து இழுத்து எதிர்ச் சுவரில் மாட்டும் மெல்லிய கொடி பல கப்பல்களில் இருக்கும். அது உள்ளாடைக்கும் நீச்சல் உடைக்கும் தாங்கும், நனைந்த சேலைக்குத் தாங்காது. பெரும்பாலான கப்பல்களில் கேபின் சுவர் இரும்புத் தகடு, ஆகையால் காந்தக் கொக்கி ஒட்டும். ஹார்டுவேர் கடையில் கனம் தாங்கும் கொக்கியாக ஏழெட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: கூரையில் தெரியும் தண்ணீர்த் தெளிப்பானில் ஹேங்கர் மாட்டவே கூடாது. அது தீயணைக்க வைத்தது. உடைந்தால் கேபின் முழுக்க வெள்ளம்.

பிழிவதற்கு ஒரு வழி சொல்கிறேன். அலசிய துணியைக் கையால் முறுக்கிப் பிழிந்ததும், உலர்ந்த குளியல் துண்டை விரித்து, துணியை அதன் மேல் பரப்பி, பாய் சுருட்டுவது போல் இறுக்கிச் சுருட்டுங்கள். சுருட்டின் மேல் முழங்காலை ஊன்றி அழுத்துங்கள். துண்டு தண்ணீரைக் குடித்துவிடும். காயும் நேரம் பாதியாகும். நனைந்த துண்டைக் கேபினைக் கவனிப்பவர் மாற்றிக் கொடுப்பார். சோப்பை வீட்டில் போடுவது போல் போடாதீர்கள். கப்பலில் வருவது பெரும்பாலும் கடல்நீரிலிருந்து அங்கேயே எடுத்த நல்ல தண்ணீர், உப்புக் கடினம் குறைவு. கொஞ்சம் சோப்பிலேயே நுரை பொங்கும். அதிகம் போட்டால் அந்தச் சின்னத் தொட்டியில் அலசி முடியாது. சன்லைட் பச்சைக் கட்டியை வெட்டி ஒரு துண்டு கொண்டுபோனாலே ஐந்து பேருக்கும் போதும்.

இப்போது மாமியார். உங்கள் கடிதத்தில் ஒரு சின்னச் சலிப்பு தெரிகிறது, தங்கச்சி. அவருடைய சுத்தத்தை ஒரு தொல்லையாகப் பார்க்காதீர்கள். 74 வயதில் அவருடைய நாளைத் தாங்கி நிற்பதே அந்தக் குளியலும் துவைத்த சேலையும் விளக்கும்தான். அதை எடுத்துவிட்டால் 11 நாளும் அவர் விருந்தாளி போல ஒடுங்கி உட்கார்ந்திருப்பார். ஆனால் நனைந்த ஆறு கஜம் காட்டன் சேலையை, ஆடும் கப்பலில், இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத குளியல் கூண்டுக்குள் குனிந்து அவர் தூக்கக் கூடாது. கால் வழுக்கினால் பயணம் கப்பல் ஆஸ்பத்திரி அறையில் முடிந்துவிடும்.

அதனால் கைத்தறியும் கஞ்சி போட்ட காட்டனும் வீட்டில் இருக்கட்டும். வாயில், பாலியஸ்டர், ஜார்ஜெட் வகையில் எட்டுச் சேலை எடுக்கச் சொல்லுங்கள். எட்டையும் அவர் கையாலேயே வீட்டில் துவைத்து, அவரே மடித்து, பழைய வேட்டியில் சுற்றித் தனிப் பையில் வைக்கட்டும். யார் கையும் படாமல் மடித்து வைத்த சேலை துவைத்த சேலைதானே என்று அவரிடமே கேளுங்கள். என் அனுபவத்தில் பெரியவர்கள் இதை ஏற்றுக்கொள்வார்கள், ஏனென்றால் நீங்கள் அவருடைய வழக்கத்தை மாற்றவில்லை, துவைக்கும் நாளைத்தான் மாற்றுகிறீர்கள். ரவிக்கையும் உள்பாவாடையும் தினமும் அலசிக்கொள்ளட்டும், அது அவருக்குக் கனமில்லை. உள்பாவாடையில் நாடா போகும் இடுப்புப் பட்டைதான் கடைசி வரை ஈரமாக இருக்கும், அந்தப் பக்கத்தை ஏசி காற்று வரும் திசையில் தொங்கவிடச் சொல்லுங்கள். எட்டுச் சேலைக்கு மேல் தேவைப்படும் மூன்று நாளுக்கு மூன்று சேலையை நடுவில் அலச வேண்டியிருக்கும். அதை யார் அலசுவது என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் கப்பல் சலவையே சரி. நீங்கள் போவது எம்.எஸ்.சி நிறுவனத்தின் கப்பல் என்றால், அதில் நாமே காசு போட்டுத் துவைக்கும் மெஷின் அறை கிடையாது. கேபின் அலமாரியில் ஒரு பையும் விலைப்பட்டியலும் இருக்கும், பையில் போட்டுக் கொடுத்தால் துவைத்து மடித்துத் தருவார்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று போட்டால் விலை கூடிப்போகும். ஒரு பை நிறைய இவ்வளவு என்று சலுகை அறிவிப்பது வழக்கம், ஏறின அன்றே கேபினைக் கவனிப்பவரிடம் அதைக் கேட்டு வையுங்கள். விலை டாலரில் இருந்தால் நம்ம ஊர் ரேண்டில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். பையை இரண்டாவது, மூன்றாவது நாளில் கொடுத்துவிடுங்கள். டர்பனிலிருந்து தீவுகளுக்குப் போக மூன்று நாளுக்கு மேல் வெறும் கடல்தான், கரை இறங்குவதற்குள் துணி திரும்பியிருக்கும். திரும்பி வரும்போது முதல் கடல் நாளில் இரண்டாவது பை. கடைசி இரண்டு நாளில் கொடுக்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

பையில் போட வேண்டியவை பிள்ளைகளின் டி-ஷர்ட், கால்சட்டை, காலுறை, கணவரின் உள்ளாடை. மெஷினும் பெரிது, சூடும் பலம். உங்கள் காட்டன் குர்தா சுருங்கிவிடும், புதுச் சாயத் துணி மற்றதையும் கெடுக்கும், ஜரிகை வைத்த எதையும் கொடுக்கவே வேண்டாம். எண்ணிப் படிவத்தில் எழுதி, பையை மூடும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டுச் சேலை வேண்டும் என்றால் ஒன்றே போதும். விருந்து இரவில் கட்டிவிட்டு, உடனே மடிக்காமல் ஓர் இரவு அறையில் விரித்துப் போட்டு, அப்புறம் வைத்துவிடுங்கள். சுருக்கம் தெரிந்தால் இஸ்திரி மட்டும் போட்டுத் தரும் சேவை உண்டு, ஆனால் பட்டை அதற்கும் கொடுக்காதீர்கள். சுடுநீரில் குளித்த ஆவி நிறைந்த பாத்ரூமில் பாலியஸ்டர் சேலையைத் தொங்கவிட்டால் சுருக்கம் தானே இறங்கும்.

மகன் கறி சாப்பிடும்போது சட்டையில் கொட்டுவான், அது நிச்சயம். மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் சிவந்துபோகும், பயப்படாதீர்கள். மஞ்சளின் குணம் அது. உணவுக்கூடத்தில் கிடைக்கும் எலுமிச்சைத் துண்டைத் தேய்த்தால் மறுபடி மஞ்சளாகும். கப்பலில் அதோடு போராட வேண்டாம். குளிர்ந்த நீரில் அலசி வைத்து, வீட்டுக்கு வந்ததும் நல்ல வெயிலில் இரண்டு நாள் காயப் போடுங்கள், வெயில் மஞ்சளைத் தின்றுவிடும்.

கடற்கரையில் குளித்த உடையைக் கரையிலேயே உதறி மணலை விட்டுவிடுங்கள். கேபினுக்கு வந்ததும் இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலச வேண்டும், இல்லாவிட்டால் நான் சொன்ன அதே உப்பு அதைக் காயவே விடாது. பிள்ளைகள் யாராவது வாந்தி எடுத்தால் அந்தத் துணியையும் விரிப்பையும் நீங்கள் தொட்டியில் அலசாதீர்கள். உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள். வயிற்றுத் தொற்று கப்பலில் வேகமாகப் பரவும், அந்த மாதிரித் துணியைத் தனியாக எடுத்துத் துவைக்க அவர்களிடம் முறை இருக்கிறது. வெட்கப்பட்டு மறைத்தால் கெடுதல் எல்லோருக்கும்.

மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் இறங்கி ஒரு சலவைக் கடையைத் தேடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பிப்ரவரி அந்தப் பக்கம் புயல் காலம், புயல் வந்தால் கப்பல் துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போகும். அந்தத் திட்டத்தை நம்பியிருக்க முடியாது. துறைமுகம் கிடைத்தால் அந்த நேரத்தில் மாமியாரைக் கைலாசம் என்று சொல்லப்படும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். அதற்கென்று ஒரு சேலையை அவர் தனியாக எடுத்து வைத்திருப்பார், பாருங்கள்.

இப்போது உங்கள் கணவர். நம்ம டர்பனில் வக்கீலாக இருந்தபோது காந்திக்குச் சலவைச் செலவு தாங்கவில்லை, சலவைக்காரரும் சொன்ன நாளில் கொண்டுவரவில்லை. அவர் மனைவியிடம் "நீ துவை" என்று சொல்லவில்லை. சாமான் வாங்கி, படித்து, தானே துவைத்தார், மனைவிக்கும் சொல்லிக் கொடுத்தார். முதல் காலருக்குக் கஞ்சி அதிகமாகி, கோர்ட்டில் உதிர்ந்துகொண்டே இருந்தது. மற்ற வக்கீல்கள் சிரித்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. உங்கள் கணவரால் தன் அம்மாவின் மூன்று சேலையை அலச முடியாதா? ஆறு கஜத்தைச் சுருட்டிய துண்டின் மேல் முழங்கால் போட்டு அழுத்தும் வேலைக்கு வீட்டிலேயே பலமான ஆள் அவர்தான். பிறர் கை படக் கூடாது என்கிற மாமியார், மகன் கையைப் பிறர் கையென்று சொல்லமாட்டார்.

இதைக் கப்பலில் வைத்துச் சண்டையாகப் பேச வேண்டாம். இந்த வாரமே, சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து பிரித்துக்கொள்ளுங்கள். அம்மா சேலை அவர் பொறுப்பு. சலவைப் பை எண்ணி எழுதுவது நீங்கள். நீச்சல் உடையை அலசிக் கொடியில் போடுவது மகன், 9 வயதில் தாராளமாகச் செய்யலாம். மகளுக்குக் காந்தக் கொக்கிகள். சலவைப் பைக்கான பணத்தைப் பயணச் செலவிலேயே இப்போது சேர்த்துவிடுங்கள், அங்கே போய் வீண் செலவு என்று யாரும் முகம் சுளிக்காமல் இருக்க.

கடைசி இரவு ஒன்றை மறக்காதீர்கள். பெரிய பெட்டிகளை இரவே கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், காலையில் முனையத்தில்தான் மறுபடி கையில் கிடைக்கும். எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு, மறுநாள் உடுத்த ஒன்றுமில்லாமல் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து பேருக்கும் ஒரு மாற்று உடை, காயாத துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை, மாமியாரின் எட்டாவது சேலை, பேட்டரி விளக்கு. இவை நான்கும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.