ரிப்போர்ட் ஏன் உங்கள் பீரோவில் இருக்கிறது?

கேள்வி: என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கீமோ நடக்கிறது. இந்த நோய் வந்தவர்கள் கூடிப் பேசுகிற ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறாள். அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டு மனசு உடைந்துபோவாளோ என்று பயம். அவள் கவலைப்படக் கூடாது என்றுதான் ரிப்போர்ட்டுகளை என் பீரோவில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் நானே பேசுகிறேன். குழுவுக்குப் போகாதே என்று எப்படிச் சொல்வது?

பதில்: சொல்லாதீர்கள். முதலில் அந்த பீரோவைத் திறங்கள்.

கத்தி பட்டது அவர் உடம்பில், மருந்து ஏறுவது அவர் நரம்பில், ஆனால் என்ன மருந்து, இன்னும் எத்தனை தடவை என்பது மட்டும் உங்களுக்குத்தான் தெரியுமா? பாசம் என்ற பெயரில் இதைச் செய்கிற கணவர்களும் பிள்ளைகளும் எனக்கு நிறைய எழுதுகிறார்கள், எல்லோர் மேலும் எனக்கு ஒரே கோபம்தான். கீமோ நடக்கும்போது வெள்ளை அணுக்கள் குறையும், அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குச் சொல்லியாக வேண்டும். விரல் நுனி மரத்துப்போனால் அதையும் சொல்ல வேண்டும், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் இதெல்லாம் வந்தால்? தன் வைத்தியம் தனக்கே தெரியாத மனுஷி வேறு எங்கே போய்க் கேட்பார்? குழுவுக்குத்தான் போவார்.

அவருக்கே தெரிய வேண்டாம் என்றால் சரி, அதை அவர் வாயால் சொல்லட்டும். அவருக்காக நீங்கள் முடிவெடுக்கக் கூடாது.

குழுவில் சாவுச் செய்தியும் வரும், அன்று அழுதுகொண்டுதான் வீட்டுக்கு வருவார், அழட்டும். இப்படிக் கூடிப் பேசினால் ஆயுள் கூடும் என்று 1989-இல் ஓர் ஆய்வு சொன்னது, 2001-இல் வந்த பெரிய ஆய்வில் அது நிற்கவில்லை. ஆனால் மார்பகப் புற்றுநோய் பரவிய பெண்களுக்கு மனநல நிபுணர்கள் நடத்திய அந்தக் குழுக்களில் மன வேதனையும் வலியும் குறைந்தன, அதுவும் ரொம்பத் தவித்தவர்களுக்குத்தான் அதிகம் குறைந்தது. ஒன்றில் மட்டும் கவனம்: மருந்தை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடு என்று அங்கே யாராவது சொன்னால், டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது.

குடும்பத்தாரும் வரலாமா என்று அந்தக் குழுவில் விசாரியுங்கள். பயந்துகிடப்பது உண்மையில் நீங்கள்தான், உங்களுக்கும் பேச ஆள் வேண்டும்.

அடுத்த முறை டாக்டரிடம் ரெண்டு பேரும் போங்கள், ஃபைல் அவர் கையில் இருக்கட்டும். கேள்விகளை அவர் கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் பழக்கதோஷத்தில் உங்களைப் பார்த்துப் பதில் சொன்னால், மனைவியைக் கை காட்டுங்கள்.