செக் எஞ்சின் விளக்கு ‘லீன்’ என்கிறது, சைலன்சரிலோ கறுப்புப் புகை. எதை நம்புவது?

கேள்வி: 1985 ஷெவர்லே கேப்ரிஸ், 305 வி8, கம்ப்யூட்டரோடு வந்த குவாட்ராஜெட் கார்புரேட்டர். எஞ்சின் சூடானதும் பெட்ரோல் வாடை, கறுப்புப் புகை, மைலேஜ் பாதியாகிவிட்டது. கோட் 44 வருகிறது. அது லீன் (பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்) என்கிறார்கள். கார்புரேட்டரை மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு கார்புரேட்டரில் கை வைக்காதீர்கள். கோட் 44-க்கு ‘கலவை லீன்’ என்று அர்த்தமில்லை. ‘எக்ஸாஸ்டில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது’ என்று எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த ஆக்சிஜன் கார்புரேட்டர் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. வேறெங்கிருந்தோ காற்று நுழைந்தாலும் கம்ப்யூட்டர் பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றச் சொல்லும். உங்கள் கறுப்புப் புகைக்கும் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

முதலில் கம்ப்யூட்டர் என்ன உத்தரவு போடுகிறது என்று பாருங்கள். கார்புரேட்டர் பக்கத்தில் வயர் கட்டோடு ஒட்டி, எதிலும் மாட்டாமல் ஒரு பச்சைக் கனெக்டர் தொங்கும். அதில் ட்வெல் மீட்டரை (சர்க்யூட் மூடியிருக்கும் நேரத்தை டிகிரியில் காட்டும் கருவி) மாட்டி 6 சிலிண்டர் அளவில் வையுங்கள் (வண்டி வி8 ஆனாலும் 6 தான், 8 அல்ல). கார்புரேட்டருக்குள் கலவையைக் கட்டுப்படுத்தும் மின்காந்த வால்வான மிக்சர் சாலினாய்டு நொடிக்கு 10 முறை அடிக்கும். அது கீழே இழுபட்டிருக்கும் நேரம் லீன், மேலே இருக்கும் நேரம் ரிச் (பெட்ரோல் அதிகம்). எனவே 60 டிகிரி முழு லீன் உத்தரவு, 0 முழு ரிச் உத்தரவு. எல்லாம் சரியாக இருந்தால் முள் 30-ஐ ஒட்டி ஓயாமல் ஆடும். ட்வெல் மீட்டர் கிடைக்காவிட்டால் ட்யூட்டி சைக்கிள் காட்டும் மல்டிமீட்டர் போதும்: 50 சதவீதம் என்றால் 30 டிகிரி.

பலர் தடுமாறுவது இங்கேதான். முள் காட்டுவது உத்தரவை, கலவையை அல்ல. முள் 50-க்கு மேல் நின்றால் கார்புரேட்டர் ரிச், கம்ப்யூட்டர் அதைக் குறைக்கப் போராடுகிறது. 10-க்குக் கீழே நின்றால் கம்ப்யூட்டரே பெட்ரோலைக் கூட்டுகிறது. எங்கேயாவது ஆடாமல் அசையாமல் நின்றால் கம்ப்யூட்டர் சென்சாரைக் கணக்கில் எடுக்கவே இல்லை. கூலன்ட் சென்சார், திறந்தே மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட், சென்சார் வயர் இவற்றைப் பாருங்கள். கோட் 44-ம் கறுப்புப் புகையும் சேர்ந்து வருவதால் உங்கள் முள் 10-க்குக் கீழேதான் இருக்கும்.

அப்படி இருந்தால் முதல் சந்தேகம் ஏர் பம்ப்மேல். எஞ்சின் குளிராக இருக்கும்போது பம்ப் காற்றை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அனுப்பும். சூடானதும் வால்வு அதைக் கேட்டலிடிக் கன்வர்ட்டர் பக்கம் திருப்பிவிட வேண்டும். வால்வு சிக்கிக்கொண்டால், காற்று தொடர்ந்து சென்சாருக்கு முன்னாலேயே கொட்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸைக் கழற்றிக் கையை வையுங்கள், காற்று வரக் கூடாது. வந்தால், மேனிஃபோல்டு பக்கக் குழாயை அடைத்துவிட்டு முள்ளைப் பாருங்கள். சில நொடிகளில் 30-ஐ நோக்கி ஏறினால் கள்ளன் பிடிபட்டான். ஹோஸின் உள்பக்கம் கருகியிருந்தால் செக் வால்வும் போய்விட்டது. அதையும் சேர்த்து மாற்றாவிட்டால் புது ஹோஸும் கருகும்.

அங்கே பழுதில்லை என்றால் சென்சாருக்கு முன்னால் மேனிஃபோல்டு விரிசல், கேஸ்கெட் கசிவு இருக்கிறதா என்று குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ‘டிக் டிக்’ சத்தத்தைத் தேடுங்கள். ஒரு ஸ்பார்க் பிளக் அடிக்காமல் இருந்தாலும் எரியாத காற்று அப்படியே வெளியேறி இதே பொய்யைச் சொல்லும். பெட்ரோல் புகை பிளக்கைக் கரியாக்கும், கரியான பிளக் அடிக்காது, அதனால் இன்னும் பெட்ரோல் கூடும்: சுற்றிச் சுற்றி வரும் சிக்கல்.

சென்சாரை டிஜிட்டல் மல்டிமீட்டரில் மட்டும் சோதியுங்கள். டெஸ்ட் லாம்ப் வேண்டாம், சென்சார் போய்விடும். எஞ்சினை 2000 ஆர்பிஎம்மில் இரண்டு நிமிடம் ஓட்டி, சோக் தகட்டைக் கையால் லேசாக மூடுங்கள். வோல்ட் 0.8-க்கு மேலே ஏற வேண்டும், முள்ளும் 50-ஐத் தாண்ட வேண்டும். எவ்வளவு மூடினாலும் வோல்ட் அடியிலேயே கிடந்தால் சென்சாரைக் கழற்றி, வண்டிப் பக்க வயர் எர்த்தில் உரசுகிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு புதுசு வாங்குங்கள். அந்த வயர் எர்த் ஆனாலும் வருவது இதே 44 தான். அறுந்துபோனால் 13 வரும்.

முள் 50-க்கு மேலே இருந்து, கோட் 45 (ரிச்) வந்திருந்தால்தான் கார்புரேட்டர் பக்கம் போக வேண்டும். அதற்கு ஒரு சோதனை உண்டு. சாலினாய்டு கனெக்டரைக் கழற்றி, பச்சைக் கனெக்டரை எர்த் செய்து, 3000 ஆர்பிஎம்மில் பிடித்தபடி சாலினாய்டை மறுபடி மாட்டுங்கள். கலவை முழு லீனுக்குப் போவதால் குறைந்தது 300 ஆர்பிஎம் விழ வேண்டும். எஞ்சினை ஐட்லிங்குக்கு விடும் முன் எர்த்தை எடுத்துவிடுங்கள். விழவில்லை என்றால் டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரித்துகள் வடிகட்டிக் குடுவையின் ஹோஸை அடைத்து ஒருமுறை பாருங்கள். பெட்ரோலில் ஊறிய குடுவையும் கலவையை ரிச்சாக்கும். அதுவும் இல்லையென்றால் பெட்ரோல் குடித்துக் கனத்துப்போன ஃப்ளோட் (மிதவை), சீட்டில் சரியாக உட்காராத நீடில் (பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி), கார்புரேட்டரின் அடிப்பக்கம் கசியும் அடைப்புகள், இந்த வரிசையில் பாருங்கள். சாலினாய்டு சுருளின் எதிர்ப்பு 10 ஓமுக்குக் கீழே இருந்தால் மாற்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் கம்ப்யூட்டரையும் எரித்துவிடும். பிளஞ்சர் மேலும் கீழும் போகும் தூரம் சுமார் 3.2 மி.மீ. இருக்க வேண்டும். ஐட்லிங் ஸ்க்ரூவை மறைத்திருக்கும் மூடிகளை இதெல்லாம் முடியும்வரை துளைக்காதீர்கள். துளைத்துத் திருப்பிய பிறகு எது பழைய பழுது, எது நீங்கள் செய்தது என்று தெரியாமல் போகும்.

பழுது நீங்கியதும் எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். இத்தனை நாள் ஆயிலில் இறங்கிய பெட்ரோல் ஆவியாகி, எஞ்சின் அடிப்பகுதி ஆவியை மறுபடி எஞ்சினுக்குள் இழுக்கும் பிசிவி வால்வு வழியாக மறுபடி உள்ளே போய், சில நாட்களுக்கு ரிச்சாகவே காட்டும். பிறகு சாவியை அணைத்து, கம்ப்யூட்டர் ஃப்யூஸை 10 நொடி கழற்றி மாட்டினால் கோட் அழிந்துவிடும்.