எலும்பு தெரியும் காயத்துக்குத் தொடைத் தோல் போதாதா?

கேள்வி: டாக்டர், என் தம்பிக்கு 26 வயது. பைக் விபத்தில் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே எலும்பு முறிந்து வெளியே வந்துவிட்டது. சுத்தம் செய்து, வெளியில் கம்பி போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். நான்கு நாளாகிறது, எலும்பு அப்படியே தெரிகிறது. ஃபிளாப் (ரத்தக் குழாயோடு சேர்த்து எடுக்கும் தோலோ தசையோ) வைக்க வேண்டும், பிளாஸ்டிக் சர்ஜனிடம் போங்கள் என்கிறார்கள். சொந்தக்காரர்களோ, அழகுக்குச் செய்வதை அப்புறம் பார்க்கலாம், கட்டு மாற்றிக்கொண்டே இருந்தால் சதை வளர்ந்துவிடும் என்கிறார்கள். தொடைத் தோலை எடுத்து ஒட்டினால் போதாதா?
ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: போதாது, தள்ளியும் போடாதீர்கள். (இதழ் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் உங்களுக்கு முன்பே மெயிலில் பதில் அனுப்பிவிட்டேன். இது மற்றவர்களுக்காகவும்தான்.) இது அழகு சிகிச்சையே இல்லை, காலைக் காப்பாற்றும் சிகிச்சை.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், தோலுக்கு அடியில் நேராக எலும்புதான். அங்கே தோல் போய்விட்டால் எலும்பு காய்ந்து, சீழ் பிடித்து, செத்துப்போகும். ஒட்டுத் தோலுக்கென்று தனி ரத்த ஓட்டம் கிடையாது, ஒட்டிய இடத்திலிருந்து உறிஞ்சித்தான் பிழைக்க வேண்டும், அதனால் சதைமேல் வைத்தால் பிடிக்கும், மேல்சவ்வு உரிந்த வெற்று எலும்பின்மேல் வைத்தால் கருகிவிடும். ஃபிளாப் தன் ரத்தக் குழாயோடு வருகிறது.

எங்கிருந்து எடுப்பது என்பது காயம் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. முழங்காலுக்குப் பக்கம் என்றால் ஆடுசதையின் உள்பக்கத் தசையைத் திருப்பிப் போடலாம், நடுக்கால் என்றால் அதற்கு அடியிலுள்ள சோலியஸ் தசை. உங்கள் தம்பிக்குக் காயம் இருக்கும் இடத்தில்தான் சிக்கல், அங்கே தசைகள் எல்லாம் தசைநாணாகிவிடுகின்றன, திருப்பிப் போட எதுவும் மிச்சமில்லை. காயம் சின்னது என்றால் பின்னங்கால் தோலைக் கீழே திருப்பும் சூரல் ஃபிளாப் போன்றவை கைகொடுக்கலாம். பெரியது என்றால் தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ சதையைத் தனியாகப் பிரித்தெடுத்து, ஓரிரு மில்லிமீட்டர் அகலமுள்ள ரத்தக் குழாய்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் காலின் குழாய்களோடு தைக்க வேண்டும். பல மணி நேர வேலை, எல்லா ஊரிலும் நடக்காது, அதனால்தான் உங்களை அனுப்புகிறார்கள்.

ஸ்லோவேனியாவின் லுப்லியானா நகரத்து சர்ஜன் மார்கோ கோடினா 532 நோயாளிகளை வைத்து எழுதிய ஆய்வு 1986-ல் வெளிவந்தது. முதல் 72 மணி நேரத்துக்குள் மூடியவர்களுக்கு ஃபிளாப் தோற்பதும் சீழ் பிடிப்பதும் மிகக் குறைவாக இருந்தன. நான்கு நாளாகிவிட்டதே என்று பதறாதீர்கள், நன்றாகச் சுத்தம் செய்து வேக்குவம் டிரெஸ்ஸிங் (காயத்தின் கசிவை உறிஞ்சி எடுக்கும் கட்டு) வைத்திருந்தால் கொஞ்சம் அவகாசம் உண்டு, ஆனால் அது ஃபிளாப்புக்கு மாற்று இல்லை.

போகிற இடத்தில் எலும்பு சர்ஜனும் பிளாஸ்டிக் சர்ஜனும் சேர்ந்து பார்க்கிறார்களா என்று கேளுங்கள். கோவை கங்கா மருத்துவமனையில் இத்தகைய கால்களுக்கென்றே ஒரு மதிப்பெண் முறை உருவாக்கினார்கள். தோல், எலும்பு, தசை-நரம்பு எல்லாவற்றுக்கும் தனித்தனி மதிப்பெண், 14-க்குள் என்றால் காலைக் காப்பாற்றலாம், 17 அல்லது அதற்கு மேல் போனால் பெரும்பாலும் எடுக்க வேண்டிவரும். தம்பிக்கு எவ்வளவு என்று தயங்காமல் கேளுங்கள்.

அவர் புகைப்பவர் என்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், நிகோடின் அந்தச் சின்னக் குழாய்களைச் சுருக்கிவிடும். ஆபரேஷன் முடிந்து முதல் இரண்டு மூன்று நாள் ஃபிளாப் நீலமாகவோ வெளுத்தோ, தொட்டால் சில்லென்றோ இருந்தால் நடுராத்திரியானாலும் நர்ஸை எழுப்புங்கள். உடனே திறந்து சரிசெய்தால் பல ஃபிளாப்கள் பிழைக்கின்றன.

கேள்வி: ஃபிளாப் வைத்து எட்டு மாதமாகிறது. உப்பலாக இருக்கிறது, செருப்பு நுழையவில்லை, தொட்டால் தெரியவும் இல்லை. சரியாகுமா?
ஒரு வாசகர், கரூர்

பதில்: உப்பலைச் சின்ன ஆபரேஷனில் குறைக்கலாம், உங்கள் சர்ஜனைப் பாருங்கள். உணர்ச்சி முழுதாகத் திரும்பும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். வெந்நீரைக் கையால் பார்த்த பிறகே காலில் ஊற்றுங்கள், செருப்பு உராய்ந்து புண்ணாகியிருக்கிறதா என்று தினமும் கண்ணால் பாருங்கள்.