தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள்

இந்த முறை கம்பளக் கறைகளைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாக் கடிதங்களும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: "எதைப் போட்டால் போகும்?" கம்பளம் கழுவும் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே ஒரு கம்பளம் வந்து இறங்கியதும் நாங்கள் முதலில் பார்ப்பது அது என்ன நூல் என்பதைத்தான். கறையைப் பார்ப்பதெல்லாம் அப்புறம். பதில்களில் நூலைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

*கேள்வி: ஐயா, வெளிர் நிறக் கம்பளத்தில் பால் கலந்த காபி கொட்டிவிட்டது. உடனே சோப்புத் தண்ணீர் ஊற்றித் துடைத்தேன், சுத்தமாகப் போய்விட்டது. மறுநாள் காய்ந்ததும் அதே இடத்தில் பழுப்பாக ஒரு வளையம். மறுபடி கழுவினேன், மறுபடி வந்துவிட்டது. ஏன் இப்படி?*

உங்கள் காபி கம்பளத்தை விட்டுப் போகவே இல்லை அம்மா. கீழே இறங்கியிருந்தது, அவ்வளவுதான். நீங்கள் ஊற்றிய தண்ணீர் காபியைக் கரைத்து, நூலின் அடிக்கும் அதைப் பிடித்திருக்கும் முதுகுத் துணிக்கும் கொண்டு போய்விட்டது. மேலே பார்த்தால் சுத்தமாகத் தெரியும். காயும்போது ஈரம் நூல் நுனி வழியாகத்தான் ஆவியாகும். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போல, ஒவ்வொரு நூலும் அடியிலிருக்கும் காபித் தண்ணீரை நுனிக்கு இழுக்கிறது. தண்ணீர் பறந்துவிடுகிறது, காபி நுனியில் தங்கிவிடுகிறது. நீங்கள் எத்தனை முறை தண்ணீர் ஊற்றினாலும் இதேதான் நடக்கும்.

இப்போது செய்ய வேண்டியது இது. ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் மட்டும் கலந்துகொள்ளுங்கள். அதற்கு மேல் வேண்டாம். காபியில் பால் இருப்பதால் கொதிக்கும் தண்ணீர் கூடவே கூடாது, சூட்டில் பாலின் புரதம் இறுகி நூலைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளைத் துணியை இந்தக் கலவையில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். அழுத்துங்கள், எடுங்கள், துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்புங்கள், மறுபடி அழுத்துங்கள். துணியில் பழுப்பு ஏறுவது நின்ற பிறகு, ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து அதே மாதிரி ஒற்றுங்கள். காபி, டீ மாதிரியான பழுப்புக் கறைகளுக்கு மென்மையான அமிலம் நன்றாகக் கேட்கும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு முறை.

முக்கியமான வேலை இனிமேல்தான். உலர்ந்த வெள்ளைத் துண்டு ஒன்றைப் பல மடிப்பாக மடித்து அந்த இடத்தின் மேல் வையுங்கள். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள், அதன் மேல் கனமான எதையாவது ஏற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். மேலே ஏறி வரும் காபி நூல் நுனியில் நிற்காமல் துண்டுக்குள் போய்விடும். காலையில் துண்டின் அடி மடிப்பைப் பிரித்துப் பாருங்கள், உங்கள் வளையம் வெளிர் பழுப்பில் அதில் பதிந்திருக்கும். வந்துகொண்டே இருந்தால் துண்டை மாற்றி இன்னொரு ராத்திரி வையுங்கள்.

அப்புறம், "துடைத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். தேய்த்துத் துடைத்திருந்தால் அந்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்வாகக் குனிந்து பாருங்கள். பக்கத்து நூல்களின் நுனி முறுக்கோடு கூர்மையாக நிற்கும். தேய்த்த இடத்தில் முறுக்கு பிரிந்து, நுனி பஞ்சாகப் பூத்திருக்கும். கறை முழுவதும் போனாலும் அந்த இடம் மங்கலாகவே தெரியும், ஏனென்றால் வெளிச்சம் அதில் வேறு மாதிரி படுகிறது. அதைச் சரிசெய்ய எங்களிடமும் வழி கிடையாது. அதனால்தான் இதை ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்: தேய்க்காதீர்கள்.

*கேள்வி: எங்கள் கம்பளத்தில் லேபிளே இல்லை. என்ன நூல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.*

கம்பளத்தின் மூலையிலிருந்து ஒரே ஒரு நூல் உருவுங்கள். கம்பளத்திலிருந்து தள்ளி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல், இடுக்கியால் பிடித்து அதன் நுனியைக் கொளுத்துங்கள். முடி பொசுங்கும் நாற்றம் வந்து, நெருப்பை விலக்கியதும் தானே அணைந்து, சாம்பல் விரலில் பொடியானால் அது கம்பளி, அல்லது நிஜப் பட்டு. உருகி, ஆறியதும் நசுங்காத கெட்டி உருண்டையானால் செயற்கை நூல்: நைலான், பாலியஸ்டர், பாலிபுரொப்பிலீன் இவற்றில் ஒன்று. உருகும் நூலில் இன்னொரு துண்டை எடுத்துத் தண்ணீருக்குள் நன்றாக அமுக்கி விடுங்கள். மிதந்து மேலே வந்தால் பாலிபுரொப்பிலீன். மற்ற இரண்டும் மூழ்கும்.

காகிதம் எரியும் நாற்றம் வந்து மெல்லிய சாம்பல் உதிர்ந்தால் பருத்தி, சணல், அல்லது விஸ்கோஸ். பளபளப்பாக இருந்துகொண்டு இப்படி எரிந்தால் உங்களுடையது பட்டு இல்லை, விஸ்கோஸ். 'ஆர்ட் சில்க்', 'பாம்பூ சில்க்' என்ற பெயர்களில் விற்பதும் பெரும்பாலும் இதுதான். பார்க்க அழகு, தண்ணீர் பட்டால் நூல் பலமிழந்துவிடும். வெறும் தண்ணீர் சிந்திக் காய்ந்தாலே மஞ்சளாகக் கறை நிற்கும். விஸ்கோஸில் என்ன சிந்தினாலும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பதோடு நிறுத்திவிட்டு, தெரிந்தவர்களிடம் கொடுங்கள்.

*கேள்வி: சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றினால் பொங்கி வந்து கறையை எடுத்துவிடும் என்கிறார்களே?*

பொங்குவது கார்பன் டை ஆக்சைடு. ஒன்று காரம், மற்றது அமிலம். சேர்ந்ததும் ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடுகிறது, மிச்சம் உப்புத் தண்ணீர்தான். தனித்தனியாக இரண்டுக்கும் வேலை உண்டு. சோடா உலர்ந்த நிலையில் வாசனையை இழுக்கும், வினிகர் காபி, டீ கறைக்கு.

*கேள்வி: வளர்ப்பு நாய் ஒரே மூலையில் திரும்பத் திரும்பச் சிறுநீர் கழிக்கிறது. கழுவிய பிறகும் மழை நாட்களில் நாற்றம் வருகிறது. பிளீச் ஊற்றலாமா?*

பிளீச் வேண்டாம், தயவுசெய்து. சிறுநீர் பழசாகும்போது அதிலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறுகிறது. அம்மோனியாவோடு பிளீச் சேர்ந்தால் நுரையீரலைத் தாக்கும் வாயு வரும். கதவை மூடி வைத்த அறையில் இது ஆபத்து. கம்பளம் கம்பளியாக இருந்தால் குளோரின் பிளீச் நூலையே கரைத்துவிடும். பிளீச்சோடு வினிகர் சேர்ப்பதும் இதே அளவுக்குத் தப்பு, அதில் குளோரின் வாயு கிளம்பும்.

நாற்றம் ஏன் திரும்ப வருகிறது என்றால், சிறுநீரில் இருக்கும் யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாத படிகமாக நூலின் அடியில் தங்கிவிடும். நீங்கள் கழுவும்போது மற்றதெல்லாம் போகும், இது போகாது. காற்றில் ஈரம் ஏறியதும் மறுபடி வாசனை விடும். நாய்க்கு நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான மூக்கு. நமக்குத் தெரியாத மிச்சமும் அதற்குத் தெரியும், அதே மூலைக்கு வந்து நிற்கும். அதைத் திட்டிப் பயனில்லை. அம்மோனியா உள்ள கிளீனர் போட்டால் இன்னும் மோசம், அதற்கு அது சிறுநீர் வாசனைதான்.

இதற்கென்று என்சைம் கலந்த கிளீனர் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். எல்லாரும் செய்யும் தப்பு, மேலாக ஸ்பிரே அடித்து உடனே துடைத்துவிடுவது. சிறுநீர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறதோ அவ்வளவு ஆழம் கிளீனரும் போக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில்தான் நானே ஈரம் நிறைய வேண்டும் என்பேன். பாட்டிலில் சொன்ன நேரம் முழுக்க ஈரமாக விட்டு, பிறகு உலர்ந்த துண்டுகளால் மிதித்து மிதித்து ஈரத்தை எடுங்கள். மின்விசிறியைத் தரையை ஒட்டி வையுங்கள். ஒன்றிரண்டு நாளுக்குள் முதுகுப் பக்கமும் காய்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கறை எங்கெல்லாம் இருக்கிறது என்று தெரியாவிட்டால், இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள், மங்கலாக ஒளிரும்.

கம்பளி, பட்டுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. என்சைம்களில் புரதத்தைச் செரிக்கும் வகை ஒன்று உண்டு. கம்பளியும் பட்டும் புரதம்தான். "கம்பளிக்கு ஏற்றது" என்று பாட்டிலில் எழுதியிருந்தால் மட்டும் போடுங்கள். கம்பளத்தின் நிறமே மாறியிருந்தால் அது கறை இல்லை, சாயம் கெட்டுவிட்டது. எந்தக் கிளீனராலும் அதைத் திருப்பித் தர முடியாது.

*கேள்வி: மகன் சிவப்பு நிறப் பானத்தை நைலான் கம்பளத்தில் கொட்டிவிட்டான். சோப்பு, வினிகர் இரண்டுக்கும் அசையவில்லை.*

அசையாது. பானத்துக்கு நிறம் கொடுக்கும் சாயமும் நைலானுக்கும் கம்பளிக்கும் போடும் சாயமும் ஒரே குடும்பம். கறை என்பதைவிட, அந்த இடத்துக்குச் சாயமே ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வினிகரின் அமிலம் அந்தச் சாயத்தை இன்னும் இறுக்கத்தான் செய்யும், எனவே நிறுத்திவிடுங்கள்.

வெளிர் நிற நைலானாக இருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் 3% ஹைட்ரஜன் பெராக்சைடை முயலலாம். கம்பளத்தின் மறைவான மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பல மணி நேரம் கழித்துப் பாருங்கள், அங்கே நிறம் மாறாவிட்டால் மட்டும். கறையில் லேசாக நனையும் அளவுக்கு விட்டு, பிளாஸ்டிக்கால் மூடி, அவ்வப்போது பாருங்கள். மெதுவாக வெளிறும். அவசரப்பட்டு இஸ்திரிப் பெட்டியை எடுக்காதீர்கள். ஈரத்துணி வைத்துச் சூட்டால் சாயத்தைத் துணிக்கு ஏற்றும் வித்தை தொழிலில் உண்டு, ஆனால் ஒரு கணம் தவறினால் நூல் உருகிவிடும்.

*கேள்வி: பால்பாயிண்ட் பேனா மை?*

மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அதைத் துணியில் தொட்டு ஒற்றுங்கள், கம்பளத்தில் நேராக ஊற்ற வேண்டாம். இயந்திரத்தில் செய்த பெரும்பாலான கம்பளங்களில் முதுகுத் துணியை லேடெக்ஸ் பசைதான் பிடித்திருக்கிறது. ஆல்கஹால் உள்ளே இறங்கினால் அந்தப் பசை இளகும். மையும் கூடவே இறங்கிப் பரவும். துணியின் புதுப் புது இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள்.

*கேள்வி: மெழுகுவத்தி மெழுகும் சூயிங்கமும் ஒட்டிக்கொண்டால்?*

இரண்டுக்கும் ஐஸ். பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டியைப் போட்டு மேலே வையுங்கள். கல் மாதிரி இறுகியதும் கரண்டியின் பின்பக்கத்தால் தட்டி உடைத்து, துணுக்குகளை வாக்குவம் கிளீனரால் உடனே இழுத்துவிடுங்கள். மெழுகில் மிச்சம் இருந்தால் அதன் மேல் பழுப்புக் காகிதம் வைத்து, மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுத் தொட்டு எடுங்கள். பாலிபுரொப்பிலீன் நூல் சுமார் 165 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், அதற்கு முன்பே இளகத் தொடங்கும். அந்தக் கம்பளத்துக்கு ஐஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

*கேள்வி: ரத்தக் கறை எடுத்த இடம் இப்போது மற்ற இடத்தைவிட வேகமாக அழுக்காகிறது. பச்சைத் தண்ணீரும் நிறைய சலவைப் பவுடரும் போட்டேன்.*

பச்சைத் தண்ணீர் சரி. ரத்தத்துக்குச் சூடு ஆகாது. சலவைப் பவுடர்தான் பிரச்சினை. அது காய்ந்து நூலில் பசையாக நிற்கிறது, நடக்கிற கால்களின் தூசியெல்லாம் அதில் ஒட்டுகிறது. துணி துவைக்கும்போது பவுடரை அலசி விடுகிறோம், கம்பளத்தில் அப்படி அலச முடியாது. அதனால்தான் முதல் பதிலில் கால் டீஸ்பூன் என்றேன். இனி எதையும் புதிதாகப் போடாதீர்கள். வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்த துணியால், துணியில் வழவழப்பு தெரியாமல் போகும் வரை ஒற்றி எடுங்கள். ரத்தம் முழுவதும் போயிருக்காவிட்டால் மட்டும் பச்சைத் தண்ணீரிலேயே செய்யுங்கள்.

*கேள்வி: எப்போது நாமே செய்வதை நிறுத்திவிட்டுத் தொழில் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்?*

கையால் முடிச்சுப் போட்டுச் செய்த கம்பளம், விஸ்கோஸ், பட்டு, பழங்காலத்துக் கம்பளம் என்றால் ஆரம்பத்திலேயே. மற்றவற்றில் ஒரு சோதனை செய்யுங்கள். ஈரமான வெள்ளைத் துணியைக் கம்பளத்தின் ஓரத்தில், அடர்ந்த சிவப்பும் நீலமும் உள்ள இடத்தில், பத்து நிமிடம் அழுத்தி வையுங்கள். துணியில் சாயம் இறங்கியிருந்தால் தண்ணீர் படாமல் அப்படியே கொண்டுபோங்கள். கொடுக்கும்போது, என்ன கொட்டியது, எப்போது கொட்டியது, அதன் மேல் நீங்கள் என்னவெல்லாம் போட்டீர்கள் என்பதை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். சங்கடப்பட்டு வினிகரை மறைத்துவிடுவார்கள், பிளீச்சை மறைத்துவிடுவார்கள். நீங்கள் போட்டதோடு சேரக் கூடாத ஒன்றை அவர் தெரியாமல் ஊற்றிவிட்டால், கம்பளமும் போகும், அவர் உடம்புக்கும் கெடுதல். போட்ட பாட்டில் வீட்டில் இருந்தால் அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.