வெள்ளைத் துகள்கள்

அன்புள்ள ஐயா,

நிலவில் மனிதன் இறங்கவே இல்லை, எல்லாம் ஸ்டூடியோவில் எடுத்த படம் என்று சொல்பவர்களோடு ஒரு மாதமாக இணையத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கொடி ஏன் அசைகிறது, வானத்தில் நட்சத்திரம் ஏன் இல்லை, பூமியைச் சுற்றியுள்ள வான் ஆலன் கதிர்வீச்சு வளையத்தை எப்படித் தாண்டினார்கள் என்று கேட்டுக்கொண்டே போகிறார்கள். ஒன்றுக்குப் பதில் சொன்னால் அடுத்ததற்குத் தாவுகிறார்கள். அதில் ஒரு பெரியவர், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர், "தம்பி, நீ போய்ப் பார்த்தியா?" என்று கேட்டார். கடுப்பில், நிலவில் இறங்கிய பஸ் ஆல்ட்ரின் இப்படிக் கேட்ட ஒருவரை முகத்தில் குத்தும் காணொளியை அவருக்கு அனுப்பிவிட்டேன். ஆல்ட்ரின் செய்தது சரிதானே? இந்த முட்டாள்களை எப்படித்தான் நம்பவைப்பது? உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டுகளை இணைத்திருக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்,

சந்திரயான்-3 நிலவின் தென்பகுதியில் அளந்து அனுப்பிய தகவல்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

கொடி, நட்சத்திரம் இதையெல்லாம் விட்டுவிடுங்கள். கொடியின் மேல்விளிம்பில் குறுக்குக்கம்பி இருந்தது, அதனால் விரிந்து அசைவதுபோலத் தெரிந்தது. வெயிலுக்கு ஏற்றபடி வைத்த கேமராவில் நட்சத்திரம் பதியாது. 1976-ல் பில் கேசிங் என்ற அமெரிக்கர் 'நாம் நிலவுக்குப் போகவே இல்லை' என்று புத்தகம் போட்டதிலிருந்து இதே கேள்விகளும் இதே பதில்களும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. படத்தை வைத்து ஆரம்பித்த சண்டை படத்தை வைத்துத் தீராது.

ஸ்கிரீன்ஷாட்டுகளைப் படித்தேன். வருத்தமாக இருந்தது. கதிர்வீச்சு வளையத்தைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆனது என்று அந்தப் பெரியவர் கேட்கிறார். நல்ல கேள்வி. நீங்கள் "நாசா தளத்தில் இருக்கிறது, போய்ப் படியுங்கள்" என்று ஒரு சுட்டியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். வளையத்தின் அடர்த்தியான பகுதியை ஒதுக்கி, சில மணி நேரத்தில் கடந்துபோகும்படி பாதை வகுத்திருந்தார்கள் என்று இரண்டு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை, ஏனென்றால் உங்களுக்கும் அது தெரியாது. அவர் எங்கோ கேட்டதைச் சொல்கிறார், நீங்களும் எங்கோ கேட்டதைச் சொல்கிறீர்கள். உங்கள் பக்கம் உண்மை இருக்கிறது என்பது உங்கள் உழைப்பால் வந்ததல்ல. அப்படியிருக்க, யாரை முட்டாள் என்கிறீர்கள்? வாழ்நாளெல்லாம் கம்பத்தில் ஏறி, டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் கம்பியைத் தொடாத மனிதர் அவர். "போய்ப் பார்த்தியா?" என்று கேட்க அவருக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு வருகிறேன். நாம் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் அங்கிருந்து வந்தது இங்கே இருக்கிறது. அமெரிக்காவின் அப்போலோ திட்டத்தில் நிலவில் இறங்கிய ஆறு பயணங்களில் 382 கிலோ கல்லும் மண்ணும் வந்தன. 1969 ஜூலையில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கிய இடம் கருப்பான பசால்ட், அதாவது எரிமலைக் குழம்பு உறைந்த பாறைச் சமவெளி. பாட்டி வடை சுடுவதாகக் குழந்தைகளுக்குக் காட்டுகிறோமே, அந்தக் கருமையெல்லாம் பசால்ட்தான். அவர்கள் அள்ளிவந்த மண்ணும் பெரும்பாலும் கருப்பு. அதில் மிகச் சில வெள்ளைத் துகள்கள் கலந்திருந்தன. மாசசூசெட்ஸில் ஜான் வுட் என்பவரும் அவருடைய சகாக்களும் அந்தத் துகள்களைத் தனியே பொறுக்கி ஆராய்ந்தார்கள். அவை அனார்த்தோசைட் என்ற பாறையின் பொடி. கருப்புச் சமவெளியில் அது எப்படி வந்தது? தூரத்து மேட்டுநிலங்களில் விண்கல் மோதித் தெறித்து வந்திருக்க வேண்டும். அப்படியானால் நிலவின் வெள்ளை மேடுகள் முழுக்க இந்தப் பாறைதான். ஒரு காலத்தில் நிலவின் மேல்பகுதி உருகிய குழம்பாகக் கிடந்து, எடை குறைந்த வெள்ளைக் கனிமம் மிதந்து மேலே வந்து உறைந்திருக்க வேண்டும். 1970 ஜனவரியில் ஹூஸ்டன் மாநாட்டில் வுட் இதைச் சொன்னார். அடுத்த ஆண்டே அப்போலோ 15-ல் போன ஸ்காட்டும் இர்வினும் 269 கிராம் எடையுள்ள அனார்த்தோசைட் கல் ஒன்றைக் கையில் எடுத்தார்கள்.

இப்போது 2023-க்கு வாருங்கள். ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3, அப்போலோ எதுவும் எட்டிப்பார்க்காத தென்பகுதியில் இறங்கியது. அதிலிருந்து இறங்கிய பிரக்யான் வண்டி சுமார் நூறு மீட்டர் ஊர்ந்து, அகமதாபாத்தில் செய்த கருவியால் மண்ணின் கூறுகளை அளந்தது. அடுத்த ஆண்டு வெளியான கட்டுரை என்ன சொல்கிறது? அங்கும் பெரும்பகுதி அனார்த்தோசைட் வகைதான், வுட் சொன்ன உருகிய குழம்புக்கடல் கருத்தோடு ஒத்துப்போகிறது என்கிறது. யோசித்துப் பாருங்கள். 1969-ல் யாரோ பொய்யாக மண் தயாரித்தார்கள் என்றால், அதில் இத்தனை வெள்ளைத் துகளைக் கலக்க வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? 54 ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டின் வண்டி வேறொரு இடத்தில் எதை அளக்கும் என்று எப்படிக் கணித்தார்கள்?

சித்தம்பூண்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் நிலவியல் படித்தவன். கல்லூரியில் எங்கள் ஆசிரியர், இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊருக்கு எங்களை அழைத்துப்போனார். காட்டு வரப்பெல்லாம் வெள்ளைக் கல், நடுவே கருப்புக் கீற்று, அங்கங்கே சிவப்பாகக் குருந்தக்கல். சுத்தியலால் ஒரு துண்டை உடைத்து எங்கள் கையில் கொடுத்து, "ராத்திரி நிலாவுல வெள்ளையா தெரியுதே, அது இந்த வகைக் கல்லுதான்" என்றார். "இதேதான்னு எப்படி சார் தெரியும்?" என்று ஒருவன் கேட்டான். அவர் கோபப்படவில்லை. அந்த வாரம் முழுக்க அதற்கே செலவழித்தார். கல்லை வில்லையாக அறுத்து, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்க்கவைத்தார். நுண்நோக்கியில் வைத்தால் கனிமத்துக்குள் கருப்பும் வெள்ளையுமாக வரிவரியாகக் கோடுகள். பக்கத்தில் புத்தகத்தைத் திறந்து, அப்போலோ கல்லின் வில்லைப் படத்தைக் காட்டினார். அதே வரிகள். கேட்டவன் தானே வரைந்து குறித்துக்கொண்டான். பின்னாளில் இஸ்ரோ நிலவு வண்டிகளைச் சோதிப்பதற்கான மண்ணை இந்த சித்தம்பூண்டிப் பாறையை இடித்துத்தான் செய்தது.

"அப்படியானால் அப்போலோ கல் என்பது நிலவிலிருந்து தெறித்து விழுந்து அண்டார்டிகாவில் பொறுக்கிய விண்கல்லாக இருக்கலாமே" என்பார்கள். நாசாவின் ராக்கெட் வடிவமைப்பாளர் வான் பிரவுன் 1967-ல் அங்கே போனதையும் சொல்வார்கள். இதற்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் தேவேந்திர லால், நரேந்திர பண்டாரி முதலியோர் அப்போலோ மண்ணை ஆராய்ந்தார்கள். விண்வெளியிலிருந்து பாயும் இரும்பு அணுக்கருக்கள் படிகத்துக்குள் தடம் பதிக்கும். வேதிக்கரைசலில் ஊறவைத்தால் அந்தத் தடம் ஊசிக்கோடாகத் திறந்துகொள்ளும். மேற்பரப்பில் நெருக்கமாகவும் உள்ளே போகப்போக அரிதாகவும் இருக்கும். காற்றைக் கிழித்துக்கொண்டு விழும் விண்கல்லில் அந்த மேல்தோல் உருகிப் போய்விடும். அப்போலோ கல்லில் தோல் அப்படியே இருக்கிறது. நிலவிலிருந்து வந்த விண்கல் என்று முதன்முதலில் ஒன்றை அடையாளம் கண்டதே 1982-ல்தான். அதையும் அப்போலோ கற்களோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடித்தார்கள்.

லாலும் பண்டாரியும் அமெரிக்காவை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. கல்லை வாங்கி, கரைசலில் போட்டு, எண்ணிப் பார்த்தார்கள். நீங்கள் சண்டைபோடும் ஆட்களில் பலர் அப்படி ஒரு வேலையும் செய்யத் தயாரில்லாமல் சந்தேகத்தை மட்டும் கையில் வைத்திருக்கிறார்கள். அவர்களை விட்டுவிடுங்கள், உங்கள் இரவுத் தூக்கமாவது மிஞ்சும். அந்தப் பெரியவர் அப்படியில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஆல்ட்ரின் விஷயம். 2002-ல் அவருக்கு 72 வயது. வழிமறித்து, கோழை, பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொன்னவனை அடித்தார். உயிரைப் பணயம் வைத்துப் போய்வந்த மனிதரின் கோபம் எனக்குப் புரிகிறது. உங்களை யாரும் அப்படி அவமானப்படுத்தவில்லை. வயதில் மூத்த ஒருவருக்கு அடிக்கும் படத்தை அனுப்பியது அசிங்கம். மன்னிப்புக் கேளுங்கள்.

அப்புறம், "1972-க்குப் பிறகு ஏன் யாரும் இறங்கவில்லை?" என்ற அவருடைய கேள்விக்கு நீங்கள் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறீர்கள். அவர் கேட்டதிலேயே சிறந்த கேள்வி அது. 1966-ல் அமெரிக்க மத்திய அரசின் செலவில் நாலு சதவீதத்துக்கும் மேல் நாசாவுக்குப் போனது. போட்டியில் ஜெயித்ததும் அந்தப் பணம் வற்றியது. அப்போலோ 18, 19, 20 பயணங்களை 1970-லேயே ரத்துசெய்தார்கள். நிலவுக்கு ஆளை ஏற்றிச்சென்ற சாட்டர்ன் ராக்கெட்டில் மிஞ்சிய பாகங்களை ஹூஸ்டனிலும் ஃபுளோரிடாவிலும் இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இதை உங்கள் சொந்த வார்த்தையில், சுட்டி எதுவும் போடாமல், இன்றைக்கே அவருக்கு எழுதுங்கள்.

அன்புடன்