மயோட் ஓட்டுப் போட்டது உண்மைதான், ஆனா எண்ணினது யாரு?

வணக்கம் சார்,
கொமொரோஸ் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். மயோட் தீவை பிரான்ஸ் பிடுங்கி வச்சுக்கிச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஆனா 1974 ஓட்டெடுப்புல அந்தத் தீவு ஜனங்களே பிரான்ஸ் கூட இருக்கோம்னு தானே சொன்னாங்க? ஜனங்க கேட்டது நடந்தா அது எப்படி பிடுங்கினது ஆகும்?
செந்தில்

அன்புள்ள செந்தில்,

நியாயமான கேள்வி. "பிடுங்கி வச்சுக்கிச்சு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சது என் அவசரம்தான், ஒத்துக்கறேன்.

மயோட்காரங்களுக்கு நிஜமாவே கோபம் இருந்துச்சு. ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் நடுவுல இருக்கற கொமொரோஸ்னா மயோட், கிராண்ட் கொமோர், அஞ்சுவான், மொஹேலின்னு நாலு தீவு. பிரெஞ்சுக்காரங்க காலத்துல நாலு தீவுக்கும் தலைநகரம் மயோட்ல இருந்த ஜாவூட்ஸி, 1958ல அதை கிராண்ட் கொமோர் தீவுல இருக்கற மொரோனிக்கு மாத்தறதா முடிவு பண்ணிட்டாங்க, அப்புறம் ஆபீஸ், வேலை, சம்பளம்னு ஒண்ணொண்ணா அங்க போயிடுச்சு, பின்னாடியே ஆம்பளைங்களும் போனாங்க, குடும்பத்தை தாங்கற பாரம் பொம்பளைங்க தலையில. அவங்க சும்மா இருக்கல. மொரோனியில இருந்து எந்த அதிகாரி வந்தாலும் கூட்டமா சுத்தி வளைச்சு கிச்சுகிச்சு மூட்டி, அந்த ஆள் நெளிஞ்சு நெளிஞ்சு திரும்பிப் போற வரைக்கும் விடமாட்டாங்க! நிஜமாத்தான் சொல்றேன், ஜெனா ம்தேரேன்னு ஒரு அம்மா தலைமை. கொமொரோஸ்னாலே எல்லாரும் அங்க ஆட்சிக் கவிழ்ப்பு பண்ணின பிரெஞ்சுக்காரர் பாப் தெனாரோட கூலிப்படைக் கதையைத்தான் எழுதுவாங்க, எனக்கு அதைவிட இந்த அம்மாக்கள் தான் முக்கியமா படுறாங்க.

இப்போ ஓட்டுக்கு வரேன். 1974 டிசம்பர்ல நாலு தீவையும் சேர்த்து பார்த்தா கிட்டத்தட்ட 95 சதவீதம் பேர் சுதந்திரம் வேணும்னாங்க, மயோட்ல மட்டும் 63.8 சதவீதம் வேண்டாம்னாங்க. ஓட்டுப் போட்டது ஒரே நாடா, ஆனா முடிவு வந்ததுக்கு அப்புறம் பாரிஸ் நாடாளுமன்றம் தீவு தீவா பிரிச்சுப் பார்க்கணும்னு ஆரம்பிச்சுது. பரீட்சை முடிஞ்சப்புறம் பாஸ் மார்க்கை மாத்தின மாதிரி. கடுப்பான கொமொரோஸ் அரசாங்கத் தலைவர் அகமது அப்தல்லா 1975 ஜூலை 6ம் தேதி தானே சுதந்திரம் அறிவிச்சுட்டார், ஒரு மாசம் கூட ஆகல, அவரோட அரசியல் எதிரி அலி சொய்லி அவரைக் கவுத்துட்டார். நவம்பர்ல ஐ.நா. நாலு தீவும் சேர்ந்த நாடாத்தான் கொமொரோஸை சேர்த்துக்கிச்சு. 1976 பிப்ரவரியில பிரான்ஸ் மயோட்ல மட்டும் தனியா இன்னொரு ஓட்டு நடத்தி 99 சதவீதம்னு காட்டுச்சு, அந்த ஓட்டை எதிர்த்து ஐ.நா. பாதுகாப்பு சபையில வந்த தீர்மானத்தை ரெண்டு நாள் முன்னாடியே வீட்டோ போட்டு காலி பண்ணியிருந்துச்சு.

பிரான்ஸுக்கு இது வெறும் பாசம் இல்லைங்க. 1973ல மடகாஸ்கர் ஒப்பந்தத்தால தியேகோ சுவாரெஸ் கடற்படைத் தளம் கைவிட்டுப் போச்சு, எண்ணெய்க் கப்பல் போற மொசாம்பிக் கால்வாய்ல காலை ஊன ஒரு இடம் வேணும். மயோட்டோ பெரிய லகூன், அதாவது பவளப்பாறை அரண் போட்ட அமைதியான கடல், உள்ள தீவு.

கஷ்டம் யாருக்குன்னு பாருங்க. அஞ்சுவான் தீவுல இருந்து மயோட் 70 கிலோமீட்டர் தான், ரெண்டு பக்கமும் சொந்தக்காரங்க, 1995 வரைக்கும் விசா இல்லாம போய் வந்துட்டு இருந்தாங்க. அந்த வருஷம் விசா போட்டாங்க. அதுக்கப்புறம் குவாசா குவாசாங்கற சின்ன மீன்பிடி படகுல ராத்திரியில ஏறிப்போய் ஆயிரக்கணக்குல செத்திருக்காங்க. மயோட் 2011ல பிரான்ஸோட 101வது மாவட்டமே ஆயிடுச்சு.

"ஜனங்க கேட்டது நடந்துச்சு"ன்னு சொன்னீங்கல்ல, 1997ல அஞ்சுவான்காரங்களும் அதையேதான் கேட்டாங்க. கொமொரோஸ்ல இருந்து பிரிஞ்சு, பிரெஞ்சுக் கொடியை ஏத்தி, எங்களைத் திரும்ப எடுத்துக்கோங்கன்னு. பாரிஸ் முடியாதுன்னுடுச்சு.